நம்பிக்கை இருக்கட்டும், நாள் கணக்கும் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருக்கலைப்பு பாவமா, உரிமையா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் சில வாரங்களாக நடந்துவரும் வாக்குவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். வேதம், குறள், அரசியலமைப்புச் சட்டம் என்று இரண்டு தரப்பும் எல்லாவற்றையும் துணைக்கு அழைத்துவிட்டார்கள். காலண்டரை மட்டும் யாரும் கையில் எடுக்கவில்லை. இந்த விஷயத்தில் உயிர் போவதும் தங்குவதும் பெரும்பாலும் நாள் கணக்கில்தான் இருக்கிறது. அதனால் அதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலைப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணின் மனசாட்சிக்கும் அவள் கும்பிடும் தெய்வத்துக்கும் விட்டுவிடலாம். ஆனால் ஓ.பி. சீட்டு எழுதுகிற மேஜையிலும் மருந்துக்கடையிலும் ஸ்கேன் அறை வாசலிலும் இருப்பவர்கள் தங்கள் நம்பிக்கையையே சட்டம்போல அவளிடம் சொல்லும்போது, அதனால் கரு பிழைப்பதில்லை. கலைப்பு தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரத்துக்கும் தாயின் உடம்புதான் விலை கொடுக்கிறது.

கர்ப்பத்தின் வயதை மருத்துவமும் சட்டமும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகின்றன. கரு உருவான நாளிலிருந்து எண்ணுவதில்லை. இது தெரியாததால்தான் பாதிக் குழப்பம். லீப் அல்லாத ஒரு வருடத்தில் ஜனவரி 1-ம் தேதி மாதவிலக்கு வந்த பெண்ணை எடுத்துக்கொள்வோம். 28 நாள் சுழற்சி. ஜனவரி 29 அன்று வரவேண்டியது வரவில்லை. கர்ப்பம் என்று அவளுக்கே தெரியாத அந்தக் காலையில் அவள் கணக்குப்படி 4 வாரக் கர்ப்பிணி. ஒரு வாரம் பார்ப்போம் என்று பொறுத்திருந்து, கடையில் அட்டை வாங்கிச் சிறுநீரைச் சொட்டுவிட்டு இரண்டு கோடு தெரியும்போது பிப்ரவரி 5, அதாவது 5 வாரம். மாத்திரையால் கலைக்க விதிகள் அனுமதிக்கும் 9 வாரம் மார்ச் 5-ல் முடிகிறது. கைக்கருவியால் உறிஞ்சி எடுக்கும் 12 வாரம் மார்ச் 26-ல். ஒரே மருத்துவரின் கருத்து போதும் என்கிற 20 வாரம் மே 21-ல். குறிப்பிட்ட சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு அனுமதி உள்ள 24 வாரம் ஜூன் 18-ல்.

ஆக, எளிதான வழிக்கு அவள் கையில் இருப்பது சரியாக 28 நாள். அந்த 28 நாள் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். பப்பாளி, எள்ளு, கருப்பட்டி, அன்னாசி என்று ஒரு வாரம். இவற்றால் வயிறு கெடுமே தவிர நல்லபடியாக ஒட்டிய கரு கலையாது. பிறகு மருத்துவமனை. ‘வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா’ என்பார்கள். அவர் வெளியூரில் லாரி ஓட்டுகிறார் என்றால் இன்னும் பத்து நாள். வந்தவரிடம் ஆதார் நகல் கேட்பார்கள், மாமியார் சம்மதமா என்றும் கேட்பார்கள். நடுவில் ஒருவர், ‘இது பாவம்மா, யோசிச்சு அடுத்த வாரம் வா’ என்று அன்பாகவே சொல்லி அனுப்புவார். அடுத்த வாரம் வரும்போது மாத்திரைக்கான காலம் முடிந்திருக்கும்.

இதில் ஒன்றுகூடச் சட்டத்தில் இல்லை. 1971-ம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதத்தை மட்டும்தான் கேட்கிறது. அதற்கான தாள் ‘படிவம் சி’. கையெழுத்தோ கைநாட்டோ அவளுடையது போதும். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றாலோ மனநலம் பாதித்தவர் என்றாலோ பாதுகாவலரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். கணவர் கையெழுத்து எந்த வாரத்திலும் தேவையில்லை. ‘ஆபரேஷன் பண்ணிக்கொள்ள ஒத்துக்கொண்டால்தான்’, ‘காப்பர்-டி போட்டுக்கொண்டால்தான்’ என்ற நிபந்தனைக்கும் சட்டத்தில் இடமில்லை. கருத்தடை பற்றி எடுத்துச் சொல்வது நல்ல மருத்துவம், அதையே நுழைவுச்சீட்டாக ஆக்குவது அத்துமீறல். கருத்தடை பலிக்காமல் உண்டான கர்ப்பத்தைப் பற்றிச் சட்டம் பேசும் இடத்தில் ‘மணமான பெண் அல்லது அவளுடைய கணவர்’ என்றிருந்தது 2021-ம் ஆண்டுத் திருத்தத்தில் ‘எந்தப் பெண்ணும் அல்லது அவளுடைய இணை’ என்று மாறிவிட்டது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, 20 முதல் 24 வாரம் வரையிலான வாய்ப்பு மணமாகாத பெண்ணுக்கும் உண்டு என்று சொன்னதோடு, குடும்பத்தாரின் சம்மதம் போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடுவதையும் கண்டித்தது.

மருத்துவர்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் கருக்கலைப்பு அடிப்படையில் இன்னும் குற்றம்தான். 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-வது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதன்படி குற்றவாளி. 1971 சட்டம் அந்தச் சுவரில் திறந்த ஒரு கதவு மட்டுமே. பதிவுபெற்ற தகுதியான மருத்துவர், அரசு மருத்துவமனை அல்லது அங்கீகாரம் பெற்ற இடம், குறித்த வாரங்கள் என்ற மூன்றும் பொருந்தினால்தான் கதவு திறக்கும். ஒன்று தவறினாலும் பழைய சட்டம் பாயும். அதனால் ஒரு மருத்துவர் தன் பாதுகாப்புக்காக நாலு தாள் கூடுதலாகக் கேட்கிறார். பயம் புரிகிறது. ஆனால் அவர் வாங்கிவைக்கும் கணவர் கையெழுத்து நீதிமன்றத்தில் அவரைக் காப்பாற்றப் போவதில்லை. காப்பாற்றுவது ஒழுங்காக நிரப்பிய படிவம் சி, தன் கருத்தைப் பதியும் படிவம் 1, சேர்க்கைப் பதிவேடான படிவம் 3 ஆகியவைதான். பெண்ணின் பெயர் அந்தப் பதிவேட்டுக்கு வெளியே போகக் கூடாது. போனால் 1971 சட்டத்தின் 5ஏ பிரிவின்படி மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும்.

தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றால் 5-வது பிரிவின்படி வாரக் கணக்கே கிடையாது. ஒரு மருத்துவர் முடிவெடுத்தால் போதும். இந்த வரியை ஒவ்வொரு பிரசவ அறையிலும் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்கலாம். காரணம், அயர்லாந்தில் நடந்தது.

சவிதா ஹலப்பனவர் கர்நாடகத்தின் பெல்காமைச் சேர்ந்தவர், பல் மருத்துவர், வயது 31. கணவரோடு அயர்லாந்தின் கால்வே நகரில் இருந்தார். 2012 அக்டோபர் 21 அன்று 17 வாரக் கர்ப்பத்தில் முதுகுவலியோடு மருத்துவமனையில் சேர்ந்தார். கரு கலையத் தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. அன்றிரவு தாண்டிப் பனிக்குடம் உடைந்தது. 17 வாரத்தில் பனிக்குடம் உடைந்தால் பிள்ளை பிழைக்கிற வழி அநேகமாக இல்லை, கர்ப்பப்பை வாய் திறந்து கிடப்பதால் கிருமி மேலே ஏறும் வழி மட்டும் இருக்கிறது. கலைத்துவிடுங்கள் என்று அவர் கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது, அதனால் முடியாது என்றார்கள். 1983-ல் கத்தோலிக்க உணர்வு மேலோங்கிய காலத்தில் அந்நாட்டின் அரசியலமைப்பில் சேர்த்த எட்டாவது திருத்தம் பிறவாத உயிருக்கும் தாய்க்கும் சம உரிமை தந்திருந்தது. ‘இது கத்தோலிக்க விஷயம்’ என்ற பேச்சும் அந்த வார்டில் எழுந்தது. 24-ம் தேதி கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது. அன்றே கரு தானாக வெளியேறியது. 28-ம் தேதி சவிதா இறந்தார்.

இதைப் பெண்ணுரிமைப் பக்கம் நிற்பவர்கள் சட்டத்தின் கொலை என்கிறார்கள், எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் மருத்துவமனையின் கவனக்குறைவு என்கிறார்கள். விசாரணைகளில் வெளிவந்தது இரண்டும் சேர்ந்தது. சேர்ந்த நாளிலேயே எடுத்த ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன, அதை யாரும் உரிய நேரத்தில் பின்தொடரவில்லை. நாடித்துடிப்பு, காய்ச்சல், ரத்த அழுத்தத்தை உரிய இடைவெளியில் பார்க்கவில்லை. ஆனால் ஏன் பார்க்கவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். ‘துடிப்பு நிற்கும்வரை காத்திருப்போம்’ என்பதே சிகிச்சைத் திட்டமாகிவிட்டால், வார்டில் எல்லோருடைய கண்ணும் கருவின் துடிப்பின் மேல்தான் இருக்கும். தாயின் நாடி 100-ஐத் தாண்டுவதை யார் கவனிப்பார்கள்? 2018 மே 25 அன்று அயர்லாந்து மக்கள் 66.4 விழுக்காடு வாக்குகளோடு அந்தத் திருத்தத்தை நீக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்கள்தான். நம் ஊரில் இதே நிலை வந்தால் 17 வாரம் என்பதால் 3-வது பிரிவின்படியே ஒரு மருத்துவர் போதும். ஆனாலும் பனிக்குடம் உடைந்து வந்த பெண்ணிடம் ‘துடிப்பு இருக்கே’ என்று சொல்லும் வழக்கம் இங்கேயும் இல்லாமல் இல்லை.

மதங்கள் இதில் என்ன சொல்கின்றன என்பதில் வாசகர்கள் எழுதியது பாதி சரி. கத்தோலிக்கத் திருச்சபை கருவுற்ற கணத்திலிருந்தே உயிர் என்கிறது, கலைப்பைக் கடும் பாவம் என்கிறது, அதைச் செய்தவர் திருச்சபை உறவிலிருந்து தானாகவே விலக்கப்படுகிறார் என்கிறது. அதே திருச்சபையில் போப் பிரான்சிஸ், அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016-ல் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகக் கொடுத்தார். கரு கர்ப்பப்பைக்கு வந்து சேராமல் கருக்குழாயில் தங்கிவிட்டால் அந்தக் குழாயையே அகற்றுவது கலைப்பு ஆகாது என்று கத்தோலிக்க ஒழுக்கவியலாளர் பலர் ஏற்கிறார்கள். இஸ்லாத்தில், நாற்பது நாற்பது நாளாக மூன்று கட்டம் கடந்து 120-வது நாளில் உயிர் ஊதப்படுகிறது என்ற நபிமொழியை வைத்துத்தான் விவாதமே நடக்கிறது. தக்க காரணம் இருந்தால் அதற்கு முன் கலைக்கலாம் என்று ஹனஃபி சட்ட மரபின் அறிஞர்கள் பலர் சொன்னார்கள். மாலிகிகள் தொடக்கத்திலிருந்தே மறுத்தார்கள். ஷாஃபி மரபில் இரண்டு குரலும் உண்டு. அதன்பிறகும் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தாய்க்கே முன்னுரிமை என்பது பரவலான கருத்து. கருவுற்ற நாளிலிருந்து எண்ணினால், மேலே சொன்ன காலண்டரில் இந்த 120-வது நாள் மே மாதத்தின் நடுவில் விழுகிறது. சட்டத்தின் 20 வாரத்துக்கு ஒரு வாரம் முன்னால்! தற்செயல்தான், ஆனாலும் சட்டமும் மதமும் எதிரெதிர்த் துருவம் என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

தர்ம சாஸ்திரங்கள் கருவைக் கொல்லும் பிரூணஹத்தியைப் பெரும் பாவங்களில் வைக்கின்றன என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். உண்மை. நம் தமிழிலும் புறநானூற்று 34-வது பாட்டில் ஆலத்தூர் கிழார் கருச்சிதைத்தவரைக் கொடியோர் வரிசையில்தான் நிறுத்துகிறார். ஆனால் அந்தப் பாட்டின் முடிவு வேறு. அவர்களுக்கும் கழுவாய் உண்டாம், செய்ந்நன்றி கொன்றவனுக்குத்தான் உய்வே இல்லையாம். மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் கரு தப்பிப் பிழைக்கும் ஆபத்துகளை மாதம் மாதமாக எண்ணிக்கொண்டே போகிறார். பத்தாம் மாதத்துக்கு வரும்போது தாயும் பிள்ளையும் சேர்ந்து படும் துக்கக் கடல் என்கிறார். தாயை விட்டுவிட்டுக் கருவை மட்டும் தனியே எண்ணவில்லை. மேடையில் பேசுகிறவர்கள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான்.

இனி மாத்திரை. பெட்டியில் ஐந்து மாத்திரை இருக்கும். மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று, மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு. முதலாவது, கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோனை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. மற்ற நான்கும் கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகின்றன. முதலாவதன் வேலை முடிய ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும். மருத்துவர் சீட்டு இல்லாமல் கூடுதல் விலைக்கு விற்கும் கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. பெண் ஐந்தையும் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறாள். அரைகுறையாகக் கலைந்து, மிச்சம் உள்ளே தங்கி, பத்து நாள் கழித்துக் காய்ச்சலோடும் நாற்றமடிக்கும் கசிவோடும் வருகிறாள். முறையாகக் கொடுத்தால் நூறில் 95-க்கு மேல் இந்த மாத்திரைகளே வேலையை முடித்துவிடும்.

கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஆனால் ஒன்றையும் விடக் கூடாது. கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா? ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருக்கிறதா? காப்பர்-டி உள்ளே இருக்கிறதா? ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ நீண்ட நாள் ஸ்டீராய்டோ சாப்பிடுகிறாளா? ரத்த வகை நெகட்டிவா? முதல் கேள்விதான் உயிர்க் கேள்வி. நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ குழாயில் தங்கும். மாத்திரை அதைக் கலைக்காது. ஆனால் லேசாக ரத்தம் வரும், ‘சரியாகிவிட்டது’ என்று அவள் நிம்மதியாக இருப்பாள். சில நாளில் குழாய் வெடிக்கும். அடிவயிற்றில் கத்தி பாய்ந்த மாதிரி வலி, தோள்பட்டை நுனியில் வலி, எழுந்து நின்றால் மயக்கம் என்று வந்தால் ரத்தம் வயிற்றுக்குள் கொட்டுகிறது என்று பொருள். அப்போது கணக்கு நாளில் இல்லை, நிமிடத்தில்.

மாத்திரைக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் ரத்தப்போக்கு இருப்பது இயல்பு. பெரிய பஞ்சுப்பட்டை மணிக்கு இரண்டு நனைந்து, தொடர்ந்து இரண்டு மணி நேரம் அப்படியே போனால் காத்திருக்கக் கூடாது. கடைசி மாத்திரை போட்டு ஒரு நாள் கழிந்தும் ரத்தமே வராவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும். 15-வது நாள் பரிசோதனைக்குப் போகாமல் வீட்டிலேயே அட்டை வைத்துப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. கலைந்த பிறகும் நாலு வாரம் வரை அட்டையில் இரண்டு கோடு காட்டலாம். உண்மையிலேயே கர்ப்பம் தொடர்ந்தால், ‘சாமி கொடுத்தது, இருக்கட்டும்’ என்று விட்டுவிடுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மிசோப்ரோஸ்டால் பட்ட கருவுக்கு உறுப்புக் குறைபாடு வரும் ஆபத்து கூடுகிறது.

12 வாரம் வரை உறிஞ்சி எடுக்கும் முறை உண்டு. 60 மில்லி ஊசிக்குழல் ஒன்று, பிளாஸ்டிக் குழாய் ஒன்று, கர்ப்பப்பை வாயைச் சுற்றி மரத்துப்போக ஊசி. பத்துப் பதினைந்து நிமிட வேலை. ‘டி அண்டு சி’ என்று சுரண்டி எடுக்கும் பழைய முறையை உலக சுகாதார நிறுவனம் கைவிடச் சொல்கிறது. சுரண்டினால் ஓட்டை விழலாம், உட்சுவர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிறகு பிள்ளை தங்காமலும் போகலாம். உறிஞ்சிய பிறகு நல்ல மருத்துவர் ஒரு காரியம் செய்வார். எடுத்ததை வடிகட்டியில் அலசி, கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதில் மிதக்கவிட்டு வெளிச்சத்தில் பார்ப்பார். கருத்திசு இருந்தால் வெள்ளைப் பஞ்சு பிரிந்த மாதிரி இழை இழையாக மிதக்கும். அது தெரியாவிட்டால் கரு கருக்குழாயில் இருக்கலாம் என்று அப்போதே சந்தேகப்படுவார். இந்த ஒரு நிமிடத்தை விட்டதால் போன உயிர்கள் உண்டு.

கருவைக் கலைக்கக் கர்ப்பப்பைக்குள் எருக்கங்குச்சி வைக்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். குறைந்திருக்கிறது. மருத்துவமனைக் கதவு எந்த ஊரில் சாத்தப்படுகிறதோ அந்த ஊரில் அது திரும்பி வரும். தகுதியில்லாதவர் கலைத்தால் இரண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல். 1971-ல் சட்டம் வந்ததே அந்தக் குச்சியிலிருந்து பெண்களைக் காப்பாற்றத்தான்.

பெண் சிசுவைக் கலைப்பதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நம் மாநிலத்தில் மிக அதிகம். உசிலம்பட்டியும் சேலமும் நம் மனசாட்சியில் விட்டுப்போன வடு அப்படி. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் அதனால்தான். ஸ்கேனில் பாலினம் சொல்வதைத் தடுக்க 1994-ல் வந்தது தனிச் சட்டம். அது வேறு, இது வேறு. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்பது தெரிவதே 12, 14 வாரம் தாண்டித்தான். ரத்தத்தில் பார்த்தாலும் 9, 10 வாரமாவது ஆக வேண்டும், முடிவு வர மேலும் நாளாகும், அதைச் சொல்வதும் குற்றம். 9 வாரத்துக்குள் போடும் மாத்திரையைக் கடையில் வைக்கவிடாமல் செய்து பெண் குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்பது கணக்கு தெரியாத பேச்சு. அதிகாரிகளின் சோதனைக்குப் பயந்து பல கடைகள் அந்த மாத்திரையையே வாங்கிவைப்பதில்லை. மிச்சக் கடைகள் கள்ளத்தனமாக விற்கின்றன. 6 வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது 14 வாரத்துக்குப் போகிறது. பாலினம் தெரிந்துகொண்டு கலைக்க வாய்ப்புள்ள காலமும் அதுதான்!

ஐந்து மாதம் கழித்து மனம் மாறிக் கலைக்க வருகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் காலண்டரே பதில் சொல்லும். பிள்ளையின் மூளை, இதயம், முதுகெலும்பு என்று ஒவ்வோர் உறுப்பாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில் எடுப்பது. நம் கணக்கில் மே 7 முதல் மே 21 வரை. அதில் இதயத்தில் குறை என்று தெரிந்தால் கருவின் இதயத்துக்குத் தனி எக்கோ. மரபணுச் சந்தேகம் வந்தால் பனிக்குட நீர் எடுத்து வளர்த்துப் பார்க்க இரண்டு, மூன்று வாரம். முடிவு கையில் வரும்போது ஜூன் இரண்டாவது வாரம். இவர்கள் வேண்டிப் பெற்ற பிள்ளைக்காக வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். 24 வாரம் தாண்டினால் மாநில மருத்துவ வாரியம் கடுமையான குறைபாடு என்று சொல்ல வேண்டும். விண்ணப்பம் வந்த 3 நாளில் வாரியம் கருத்துச் சொல்ல வேண்டும், 5 நாளுக்குள் சிகிச்சை நடக்க வேண்டும் என்பது 2021-ம் ஆண்டு விதி.

எல்லைக்கு அப்பால் போனால் கேள்வியே மாறிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு 26 வாரத்தைத் தாண்டிய கர்ப்பத்தோடு, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான 27 வயதுப் பெண் வந்தார். பிரசவத்துக்குப் பின் வந்த மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். முதலில் அனுமதி கிடைத்தது. அந்த வாரத்தில் பிள்ளை உயிரோடு பிறக்க வாய்ப்புண்டு, அப்படியானால் முதலில் அதன் துடிப்பை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவர்கள் கேட்டார்கள். இரு நீதிபதிகள் இரு விதமாகப் பிரிந்தார்கள். மூன்று பேர் அமர்வு 16-ம் தேதி மறுத்தது. யார் சரி என்று நான் சொல்லப் போவதில்லை. அவர் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தார் என்பதுதான் என் கவலை. பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வரவில்லை, கர்ப்பம் என்றே தெரியவில்லை. ‘பால் குடிக்கிற பிள்ளை இருந்தால் தங்காது’ என்பது நம் வீடுகளிலும் பாட்டிகள் சொல்வது. அது பலிக்க மூன்று நிபந்தனை உண்டு: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. ஒரு பாட்டில் பவுடர் பால் உள்ளே வந்தால் காவல் போய்விட்டது.

உயிரைப் போற்றுவதாகச் சொல்லும் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் எல்லாவற்றுக்கும் இதில் செய்ய வேலை இருக்கிறது. திருமணத்துக்கு முந்தைய வகுப்புகளில் ஃபோலிக் அமிலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம். கருவின் முதுகுத்தண்டு மூடுவது கருவுற்ற 28 நாளில், அதாவது நம் கணக்கில் 6-வது வாரத்தில். அட்டையில் கோடு பார்த்து, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை தொடங்கும்போது அநேகமாக மூடி முடிந்திருக்கும். எனவே கருவுறுவதற்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் வேண்டும். முன்பு முதுகுத்தண்டு மூடாத பிள்ளை ஒன்று உண்டாகியிருந்தால் அதற்குப் பத்து மடங்கு, மருத்துவர் சொல்லி. மண்டையோடு இல்லாத கருவை 20-வது வாரத்தில் கண்டுபிடித்துக் கலைக்கிற துயரத்தை இந்தச் சின்ன மாத்திரை எத்தனையோ வீடுகளில் தடுக்கும். பெற்றுக்கொள்கிறேன், வளர்க்க முடியாது என்கிற பெண்ணைத் திட்டாமல் குழந்தைகள் நலக் குழுவிடம் கூட்டிக்கொண்டு போகலாம். ஒப்படைத்த பின்னும் மனம் மாற 60 நாள் அவகாசம் சட்டத்தில் உண்டு. அந்த 60 நாள் அவளுக்குச் சோறு போட்டுப் பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும்.

மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று ஒரு மருத்துவர் ஒதுங்கிக்கொண்டால் அதில் தவறில்லை. நீதான் செய்தாக வேண்டும் என்று குறிப்பிட்ட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் பிரிவு சட்டத்தில் கிடையாது. அவர் செய்ய வேண்டியது, அதே நாளில் செய்யக்கூடிய இன்னொருவரிடம் சீட்டு எழுதி அனுப்புவது. உபதேசம் செய்து வாரத்தைக் கழிப்பது மனசாட்சி ஆகாது. ரத்தம் கொட்டிக்கொண்டு வருகிறவளிடம் அந்த உரிமையும் கிடையாது.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். பாலியல் குற்றத்துக்கு ஆளான 18 வயதுக்கு உட்பட்ட பெண்ணின் அடையாளம் தெரியும்படி எழுதுவது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவில் குற்றம். பெயரை விட்டுவிட்டு ஊர், தெரு, தந்தையின் தொழில் மூன்றையும் போட்டால் பெயரைப் போட்டதற்குச் சமம். அந்தப் பயத்தில்தான் சிறுமிகள் மருத்துவமனைக்கே வருவதில்லை. மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. இதை ஒரு முறையாவது செய்தியாகப் போடுங்கள்.

மேலே சொன்ன தேதிகளையும் சின்னக் கட்டமாக வெளியிடுங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 63, 84, 140, 168 நாள் கூட்டிப் பார்க்கச் சொன்னால் போதும். ராசிபலன் பக்கத்தில் ஒரு மூலை கொடுங்கள், அந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
மகப்பேறு மருத்துவர் (ஓய்வு),
திருச்சிராப்பள்ளி